தேடல் பெட்டியில் தட்டிய சொல் எங்கே போனது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், சயான், முலுண்ட் பக்கம் மளிகை, பூஜைச் சாமான், பாத்திரம், கொலு பொம்மை விற்கும் நம் தமிழர் கடைகளில் சொந்த இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்காக இது. தளத்தின் தேடல் பெட்டியில் ஒருவர் ஒரு சொல்லைத் தட்டுகிறார் என்றால், தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். கடைக்கு அதைவிடப் பெரிய தகவல் வேறில்லை. அந்தச் சொல் ரிப்போர்ட்டுக்கு வந்து சேராமல் போவதற்குத் திரும்பத் திரும்பச் சில காரணங்களே வருகின்றன. பெரும்பாலானவை உலாவியின் முகவரிப் பட்டையிலேயே தெரிந்துவிடும்.

தளத்தில் நடப்பதை எண்ணி ரிப்போர்ட் தரும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 போட்டிருக்கிறீர்கள், தளம் வேர்ட்பிரஸ்–வூகாமர்ஸிலோ ஷாப்பிஃபையிலோ ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறங்கள். வேறு யாரும் தேட வாய்ப்பில்லாத ஒரு சொல்லைத் தேடுங்கள். ‘சோதனைபூசணி’ போதும். இப்போது முகவரிப் பட்டையைப் பாருங்கள்.

கேள்விக்குறிக்குப் பிறகு ஏதோ ஒரு பெயர், சமக்குறி, அதன்பின் உங்கள் சொல் என்று வந்தால் வேலை சுலபம். சொல் சாய்கோட்டுக்குப் பின்னால் பாதையின் பகுதியாக வந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. முகவரி மாறவே இல்லை என்றால் அனலிட்டிக்ஸின் தானியங்கி அளவீடு எதையும் பிடிக்காது. இந்த மூன்றில் எது என்று குறித்துக்கொண்டு கீழே படியுங்கள்.

அடுத்து அனலிட்டிக்ஸின் ரியல்டைம் பக்கத்தில் ஈவன்ட் (தளத்தில் நடந்த ஒரு செயலின் பதிவு) பெயர்கள் வரும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே ‘வியூ செர்ச் ரிசல்ட்ஸ்’ என்ற ஈவன்ட்டை அழுத்தி, அதற்குள் ‘செர்ச் டெர்ம்’ பேராமீட்டரை (ஈவன்ட்டோடு வரும் விவரத்தை) திறந்தால் பூசணி தெரிய வேண்டும். ரியல்டைம் கடைசி 30 நிமிடத்தை மட்டுமே காட்டும், தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி 1: தேடல் ஈவன்ட் ஒன்றுகூட வரவில்லை

அவசரப்பட்டுப் பார்க்கிறீர்களா? ரியல்டைமில் தெரிந்து வழக்கமான ரிப்போர்ட்டில் தெரியாவிட்டால் பழுது எதுவும் இல்லை. அங்கே வந்து சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகும்.

சுவிட்ச் அணைந்திருக்கிறதா? அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ், உங்கள் ஸ்ட்ரீம், என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் (இதுதான் தானியங்கி அளவீடு) என்று போய்ப் பற்சக்கரத்தை அழுத்துங்கள். ‘சைட் செர்ச்’ வரிசை ஆனில் இருக்க வேண்டும்.

பெயர் பொருந்துகிறதா? அதே இடத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்தால், கேள்விக்குறிக்குப் பின் எந்தெந்தப் பெயரைக் கவனிக்கிறது என்ற பட்டியல் இருக்கும். இயல்பாக ஐந்து இருக்கும்: ஆங்கில எழுத்து ‘கியூ’, ‘எஸ்’, பிறகு ‘செர்ச்’, ‘கொயரி’, ‘கீவேர்ட்’. வேர்ட்பிரஸ் ‘எஸ்’ஸையும் ஷாப்பிஃபை ‘கியூ’வையும் ஓபன்கார்ட் ‘செர்ச்’சையும் பயன்படுத்துவதால் அவை தானாகவே பிடிபடும். ட்ரூபல் தளமோ ‘கீஸ்’ என்று அனுப்பும், அது பட்டியலில் இல்லை. தீம் விற்றவர் தன் விருப்பத்துக்கு வைத்த பெயரும் இருக்காது. சோதனையில் முகவரிப் பட்டையில் பார்த்த பெயரை அப்படியே, கேள்விக்குறியும் சமக்குறியும் இல்லாமல், காற்புள்ளி இட்டுச் சேருங்கள். மொத்தம் 10 பெயர் வரை ஏற்கும்.

தேடல் முடிவுப் பக்கத்தில் டேக் (அனலிட்டிக்ஸின் அளவீட்டு நிரல்) இருக்கிறதா? முகப்பிலும் பொருள் பக்கத்திலும் டேக் ஓடி, தேடல் முடிவுப் பக்கத்தில் மட்டும் ஓடாமல் இருப்பதுண்டு. தீமில் அந்தப் பக்கத்துக்குத் தனி வார்ப்பு இருந்து, அதில் டேக் உள்ள மேல்பகுதி அழைக்கப்படாமல் விடுபட்டிருக்கும். கூகுளின் டேக் அசிஸ்டன்டில் தளத்தைத் திறந்து தேடிப் பாருங்கள். தேடல் பக்கத்துக்கு வந்ததும் டேக் மௌனமானால் இதுதான் காரணம்.

சொல் பாதையில் இருக்கிறதா? சாய்கோட்டுக்குப் பின் வரும் சொல்லைத் தானியங்கி அளவீடு படிக்காது. அழகான முகவரிக்காகப் போட்ட பிளக்இன்னின் வேலையாக இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். தேடல் பக்கத்துக்கு அழகான முகவரி எதற்கும் உதவாது. நிறுத்த முடியாவிட்டால், டேக்குகளை நிர்வகிக்கும் கூகுள் கருவியான டேக் மேனேஜரில் பாதையிலிருந்து சொல்லைப் பிரித்து அனுப்ப வேண்டும்.

படிவம் ‘போஸ்ட்’ முறையில் அனுப்புகிறதா? முடிவுப் பக்கம் புதிதாக வருகிறது, ஆனால் முகவரியில் சொல் இல்லை என்றால் அநேகமாக இது. படிவத்தின் மெத்தடை ‘கெட்’ ஆக்க வேண்டும். தீமைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் இங்கே டெவலப்பரைக் கூப்பிட்டுவிடுங்கள். வேலை சின்னதுதான், தவறினால் தேடலே நின்றுவிடும்.

## அறிகுறி 2: சில தேடல் மட்டும் காணாமல் போகிறது

வூகாமர்ஸ் கடைகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. தேடலுக்கு ஒரே ஒரு பொருள் மட்டும் பொருந்தினால், வூகாமர்ஸ் முடிவுப் பக்கத்தைக் காட்டாமல் நேராக அந்தப் பொருளின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். முடிவுப் பக்கம் உலாவியில் திறக்கவே இல்லை, எனவே ஈவன்ட்டும் இல்லை. இதில் வருத்தமான விஷயம், துல்லியமாகத் தேடியவர்கள்தான் கணக்கில் விடுபடுகிறார்கள். ‘இட்லித் தட்டு’ என்று பொதுவாகத் தேடியவர் பதிவாகிறார். அளவும் உலோகமும் சேர்த்துத் தேடி, வாங்கும் முடிவோடு வந்தவர் பதிவாவதில்லை.

சோதிக்க, வேறெந்தப் பொருளுக்கும் பொருந்தாத ஒரு பொருளின் முழுப்பெயரைத் தேடுங்கள். பொருள் பக்கத்தில் போய் நின்றால் உறுதி. ‘வூகாமர்ஸ் ரீடைரக்ட் சிங்கிள் செர்ச் ரிசல்ட்’ என்ற ஃபில்டருக்கு ‘ஃபால்ஸ்’ என்று பதில் தரும் ஒரு வரியைச் சைல்டு தீமின் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றம் செய்ய வைக்கும் துணைத் தீமின்) ஃபங்க்ஷன்ஸ் கோப்பில் சேர்த்தால் சரியாகிவிடும். மூலத் தீமில் சேர்த்தால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும்.

ஒரே பொருள் பொருந்தும் தேடலும் பதிவாகிறது, ஆனாலும் எண்ணிக்கை குறைகிறதா? தேடல் பெட்டிக்குக் கீழே பரிந்துரைப் பட்டியல் விழுகிறதா பாருங்கள். அங்கேயே பொருளைத் தொட்டுப் போகிறவர்கள் முடிவுப் பக்கத்துக்கு வருவதில்லை. அதற்கான தீர்வு அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

## அறிகுறி 3: ‘மு’, ‘முறு’, ‘முறுக்’ என்று அரைச் சொற்களாக வருகிறது

தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பெட்டியில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஈவன்ட் போகும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் விசைப்பலகை என்றால் நிலைமை இன்னும் மோசம். மாறுவதற்கு முன்பிருந்த ஆங்கில எழுத்துத் துண்டுகளும் சேர்ந்து பதிவாகும்.

எளிய தீர்வு, பிளக்இன் அமைப்பில் தாமதத்தைக் கூட்டுவது. கடைசி எழுத்துக்குப் பின் ஒரு வினாடி அமைதியாக இருந்தால் மட்டும் அனுப்பு என்று வைத்தால் குப்பை பெருமளவு குறையும். கூடவே ‘குறைந்தது மூன்று எழுத்து’ என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைத் தொடும்போது கவனம் வேண்டும். கணினிக்கு ‘எள்’ மூன்று எழுத்து, ‘நெய்’ நான்கு, ‘பூ’ இரண்டுதான். பூவும் பூஜைச் சாமானும் விற்கிற கடை அந்த எண்ணை 3 என்று வைத்தால் ‘பூ’ ஒருநாளும் பதிவாகாது. 2 என்று வையுங்கள்.

சரியான தீர்வு வேறு. தட்டுவதைக் கவனிப்பதை விட்டுவிட்டு, என்டர் அழுத்தும்போது, பரிந்துரையைத் தொடும்போது, சொல்லை விட்டுவிட்டுப் பெட்டியை விட்டு வெளியேறும்போது என்று மூன்று தருணங்களில் மட்டும் பெட்டியில் இருப்பதை அனுப்ப வேண்டும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், பரிந்துரையில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர் அங்கேதான் அகப்படுவார். பிளக்இன் இதற்கு இடம் தராவிட்டால் டெவலப்பர் வேலை. பெட்டி முழுவதும் ரியாக்ட் போன்ற நிரல் கருவிகளில் கட்டப்பட்ட தளமானால் தொடக்கத்திலேயே அவரிடம் விட்டுவிடுவது நல்லது.

## அறிகுறி 4: தமிழ்ச் சொல் சிதைந்தோ பல வரிகளாகப் பிரிந்தோ வருகிறது

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்கள் இதைத் தொடுவதில்லை. தமிழில் தேடும் வாடிக்கையாளர் இருக்கும் கடைக்கு அதிகம் சேதம் செய்வது இதுதான்.

### சொல்லுக்குப் பதில் % குறிகளும் எண்களுமாக

முகவரியில் தமிழ் எழுத்து நேராகப் போகாது. கணினி எண்ணும் ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து மூன்று இடம், ஆக ஒரு குறிக்கு 9 இடம். தானியங்கி அளவீடு இதைப் பொதுவாகத் தானே பிரித்துப் படித்துவிடும். டேக் மேனேஜரில் சொந்த நிரலால் முகவரியை வெட்டி எடுத்தால்தான் இந்தத் தொல்லை வரும்.

பார்க்க அசிங்கமாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. அனலிட்டிக்ஸ் ஒரு பேராமீட்டருக்கு 100 இடம்தான் தரும். ‘கொழுக்கட்டை’ 11 குறி, சிதைந்த வடிவில் 99 இடம். ‘கொழுக்கட்டை அச்சு’ என்று தேடியவரின் அச்சு அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். அச்சு கேட்டவரும் மாவு கேட்டவரும் ரிப்போர்ட்டில் ஒன்றாகிவிடுவார்கள்.

டேக் மேனேஜரில் ‘யூஆர்எல்’ வகை வேரியபிளை எடுத்து, அதில் ‘கொயரி’யைத் தேர்ந்து, பெயராக ‘எஸ்’ கொடுங்கள். அது பிரித்தே தரும். சொந்த நிரல்தான் வேண்டும் என்றால் ‘டிகோட் யூஆர்ஐ காம்பொனன்ட்’ வழியாக அனுப்புங்கள். அது கூட்டல் குறியை இடைவெளியாக மாற்றாது, அதைத் தனியாக மாற்ற வேண்டும். எங்கு பார்த்தாலும் %25 என்று இருந்தால் சொல் இருமுறை % வடிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது, ஏதோ ஒரு ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்புவது) இரண்டாம் முறை மாற்றுகிறது. அதைத் தேடிப் பிடியுங்கள்.

### கண்ணுக்கு ஒரே சொல், ரிப்போர்ட்டில் இரண்டு வரி

நகல் எடுத்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ‘கொ’வில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ‘கொலு’, ‘கொழுக்கட்டை’, ‘தோசைக்கல்’ எல்லாம் இப்படி இரண்டாகப் பிரியக்கூடும். அனுப்புமுன் ‘நார்மலைஸ்’ கட்டளையை ‘என்எஃப்சி’ (பிரிந்த குறிகளைச் சேர்க்கும்) முறையில் ஓட்டினால் இவை ஒன்றாகிவிடும்.

அந்தக் கட்டளைக்கும் அகப்படாதவை இருக்கின்றன. ‘கௌரி’ என்பதைக் கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெளரி’ என்று எழுதுபவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு அது முற்றிலும் வேறு சொல். எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்று பொதுவிதி எழுதாதீர்கள், ‘வெள்ளரி’யும் ‘வெளக்கெண்ணெ’யும் உடைந்துபோகும். உங்கள் கடைக்கு உரிய சொற்களை மட்டும் பட்டியலிட்டு மாற்றுங்கள். ‘ஸ்ரீ’யும் அப்படியே. ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, ‘ஶ’வில் தொடங்குவது ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். பூஜைச் சாமான் கடைக்கு இது கட்டாயம் வரும். வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃபிலிருந்தோ ஒட்டிய சொற்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு, அதை நீக்கிவிடலாம். ஆங்கிலத்தில் தட்டுவதற்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து தனித்தனி வரிதான். டேக் மேனேஜர் வேரியபிளில் ‘ஃபார்மட் வேல்யூ’ பகுதியில் சின்ன எழுத்தாக்கும் வசதி இருக்கிறது.

இந்தத் திருத்தங்களைச் செய்ய ஈவன்ட்டை நீங்களே டேக் மேனேஜரிலிருந்து அனுப்ப வேண்டும். அனுப்பத் தொடங்கியதும் என்ஹான்ஸ்டு மெஷர்மென்டில் ‘சைட் செர்ச்’சை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் எல்லாம் இரட்டையாகும். பழைய பதிவுகளைத் திருத்த முடியாது. கூகுள் ஷீட்டில் இறக்கி, அதன் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் அதே கட்டளையை ஓட்டி ஒன்றுசேர்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது

எல்லாம் சரியாக இரண்டு மடங்கு என்றால் டேக் இரண்டு இடத்தில் இருக்கிறது. தீமில் ஒன்று, பிளக்இன்னில் ஒன்று. டேக் அசிஸ்டன்ட் இரண்டையும் காட்டும், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ஒன்றரை மடங்கு போல ஒழுங்கில்லாமல் இருந்தால், முடிவுகளின் இரண்டாம் பக்கத்துக்குப் போவது, விலை வாரியாக வரிசை மாற்றுவது, பின்னால் வருவது எல்லாம் மறுபடியும் தேடலாக எண்ணப்படுகின்றன. இது பிழை என்று சொல்ல முடியாது. ஈவன்ட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தச் சொல்லைத் தேடிய பயனர் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கடை ஆட்களே விலை பார்க்கத் தளத்தில் தேடுகிறார்களா? ஐபி முகவரியை வைத்து வடிகட்டும் வசதி அனலிட்டிக்ஸில் இருக்கிறது. ஆனால் வீட்டு பிராட்பேண்டின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், மொபைல் டேட்டாவில் பலர் ஒரே ஐபியைப் பகிர்கிறார்கள். அதனால் கடைக் கைப்பேசிகளில் ஒரு குக்கியை வைத்து, அது இருந்தால் ‘டிராஃபிக் டைப்’ என்பதை ‘இன்டர்னல்’ என்று அனுப்புவதே நிலைக்கும். வடிகட்டியை முதலில் ‘டெஸ்டிங்’ நிலையில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ‘ஆக்டிவ்’ ஆக்கியபின் விலக்கப்பட்டது திரும்பக் கிடைக்காது.

சூதாட்டத் தளங்களின் பெயர், புரியாத மொழியில் நீளமான வாசகம் என்று வந்தால் அது ஸ்பாம். வேர்ட்பிரஸ் 5.7 முதல் தேடல் பக்கங்களுக்கு ‘நோஇன்டெக்ஸ்’ (தேடுபொறியில் சேர்க்காதே என்ற குறிப்பு) தானே போடுகிறது. பழைய பதிப்பில் இருந்தால் முதல் வேலை அப்டேட். அதன்பிறகும் வெள்ளம் நிற்காவிட்டால் ஹோஸ்டிங்காரரிடமோ கிளவுட்ஃபிளேர் என்ற பாதுகாப்புச் சேவையிலோ தேடல் முகவரிக்கு மட்டும் கட்டுப்பாடு போடச் சொல்லுங்கள்.

ரெலவன்சி போன்ற தேடல் பிளக்இன்னின் பதிவும் அனலிட்டிக்ஸும் ஒத்துப்போகாது. முன்னது சர்வரில் எண்ணுகிறது, ரோபோக்களும் அதில் சேரலாம். பின்னது உலாவியில் எண்ணுகிறது, விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அதில் விடுபடுவார்கள். இரண்டையும் கூட்டாதீர்கள்.

## அறிகுறி 6: வெற்று வரி பெரிதாக இருக்கிறது, அல்லது வரிகள் மறைகின்றன

ஈவன்ட் பெயரால் வடிகட்டாமல் தேடுசொல்லைப் பார்த்தால், தேடாத மற்ற எல்லா ஈவன்ட்டும் வெற்று வரியில் குவியும். ‘வியூ செர்ச் ரிசல்ட்ஸ்’ மட்டும் என்று வடிகட்டுங்கள். கூட்டம் குறைந்த தளத்தில், ஆட்கள் போதாத தேடுசொல் வரிகளைத் தனியுரிமை கருதி அனலிட்டிக்ஸ் மறைக்கும். தேதி வரம்பை ஒரு நாளிலிருந்து ஒரு மாதமாக விரித்தால் பல திரும்பும்.

அனலிட்டிக்ஸின் எக்ஸ்புளோரேஷன் பகுதியில் இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தது காணவில்லையா? டேட்டா ரிடென்ஷன் இயல்பாக 2 மாதம், 14 ஆக்குங்கள். போன ஆண்டு நவராத்திரிக்கு என்ன தேடினார்கள் என்று இந்த ஆண்டு சரக்கு எடுக்கும்முன் பார்க்க அந்த 14 மாதம் வேண்டும்.

## அறிகுறி 7: கூகுளில் என்ன தேடி வந்தார்கள் என்பது தெரியவில்லை

அது வேறு கணக்கு. உங்கள் தளத்துக்குள் தேடியது அனலிட்டிக்ஸில், கூகுளில் தேடியது செர்ச் கன்சோல் என்ற வேறொரு கூகுள் கருவியில். இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம், ஒன்றை வைத்து மற்றதைக் கண்டுபிடிக்க முடியாது.

## அறிகுறி 8: ரிப்போர்ட்டில் கைப்பேசி எண் வருகிறது

ஆர்டர் எங்கே என்று அறிய எண்ணைத் தேடல் பெட்டியில் தட்டுகிறார்கள். இதை அலட்சியமாக விடக் கூடாது. ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனுப்பக் கூடாது என்பது அனலிட்டிக்ஸின் விதி, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஸ்ட்ரீம் அமைப்பில் உள்ள ‘ரிடாக்ட் டேட்டா’ மின்னஞ்சலை மறைக்கும், கைப்பேசி எண்ணை மறைக்காது. அங்கே ‘எஸ்’ஸையே சேர்த்துவிட்டால் பக்க முகவரிகளில் உள்ள எல்லாத் தேடுசொல்லும் மறைந்துவிடும். டேக் மேனேஜரில், பத்து இலக்கம் தொடர்ந்து வந்தால் ‘எண்’ என்று மாற்றி அனுப்பும் விதியை எழுதுங்கள். பெட்டிக்கு அருகிலேயே ‘ஆர்டர் நிலை’ என்று ஓர் இணைப்பும் வையுங்கள். அவர்கள் தேடுவது அதைத்தான்.

## அறிகுறி 9: சொல் பதிவாகிறது, வாடிக்கையாளர் வெறுங்கையோடு போகிறார்

முதலில் இருப்பை மறைக்கும் அமைப்பு. வூகாமர்ஸின் இன்வென்டரி பக்கத்தில் ‘தீர்ந்த பொருளை மறை’ என்பது ஆனில் இருந்தால், நேற்றுத் தீர்ந்த பொருள் இன்று தேடலில் இல்லவே இல்லை. அணைத்துவிட்டு, ‘வந்ததும் சொல்லுங்கள்’ பொத்தான் வைப்பது மேல்.

அடுத்தது மொழி, மும்பையில் இதுதான் பெரும்பங்கு. நீங்கள் ‘முறுக்கு’ என்று ஏற்றியிருக்கிறீர்கள், பக்கத்துத் தெரு மராத்திக்காரர் ‘சக்லி’ என்று தேடுகிறார். கறிவேப்பிலையைக் ‘கடிபத்தா’ என்றும், புளியை ‘இம்லி’ என்றும் ‘சிஞ்ச்’ என்றும், பெருங்காயத்தை ‘ஹிங்’ என்றும் கேட்கிறார்கள். கணேச சதுர்த்திக்கு முன் உங்கள் கொழுக்கட்டை அச்சைத் தேடுகிறவர்களில் பலர் தட்டுவது ‘மோதக்’. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அப்படித்தான் தட்டுகிறார்கள், அதுவும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். ரெலவன்சியின் சினானிம்ஸ் பகுதியில் இந்த இணைகளை ஏற்றுங்கள். ஷாப்பிஃபையில் ‘செர்ச் அண்ட் டிஸ்கவரி’ ஆப்பில் ஏற்றலாம்.

எந்தச் சொல்லுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை அனலிட்டிக்ஸ் தானாகச் சொல்லாது. வேர்ட்பிரஸ், முடிவு இல்லாத தேடல் பக்கத்தின் பாடி டேகில் ‘செர்ச் நோ ரிசல்ட்ஸ்’ என்ற கிளாஸை (அடையாளப் பெயரை) சேர்க்கிறது. டேக் மேனேஜர் அதைப் படித்து ‘முடிவு இல்லை’ என்ற பேராமீட்டரைத் தேடலோடு அனுப்பலாம். ஷாப்பிஃபையில் முடிவின் எண்ணிக்கையைத் தீமின் லிக்விட் நிரலிலிருந்து எடுக்கலாம். அனலிட்டிக்ஸில் அதைக் கஸ்டம் டைமென்ஷனாக (ரிப்போர்ட்டில் காட்டும் சொந்த விவர வகையாக) பதிவு செய்யுங்கள். பதிவு செய்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும், ஆவணி பிறக்கும்முன் செய்துவிடுங்கள்.

## டெவலப்பரைக் கூப்பிடும்போது

தேடல் முகவரி மாறவே இல்லை, போஸ்ட் படிவம், பெட்டி ரியாக்டில் கட்டப்பட்டது, ஸ்பாம் நிற்கவில்லை: இந்த நான்குக்கும் ஆள் வேண்டும். உங்கள் கூகுள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அனலிட்டிக்ஸில் ‘எடிட்டர்’ உரிமையும் டேக் மேனேஜரில் ‘பப்ளிஷ்’ உரிமையும் அவர் மின்னஞ்சலுக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பணம் தருமுன் அவர் எதிரிலேயே நான்கு தேடல் செய்யுங்கள்: ‘பூ’, ‘கொழுக்கட்டை அச்சு’, வேறெந்தப் பொருளுக்கும் பொருந்தாத ஒரு பொருளின் முழுப்பெயர், ‘சோதனைபூசணி’. நான்கும் முழுதாக, ஒவ்வொன்றும் ஒரே முறை, ரியல்டைமில் தெரிய வேண்டும். நான்காவது ‘முடிவு இல்லை’ என்ற குறியோடு வர வேண்டும்.